திருவனந்தபுரம் - தில்லி: தூரம் 2,230 கி.மீ.; நேரம் யார் கையில்?

திருவனந்தபுரம் விமான நிலையமும் தில்லி இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையமும் ஏறத்தாழ ஒரே தீர்க்கரேகையில் அமைந்தவை. இரண்டுமே கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகையை ஒட்டியே உள்ளன. தென்கோடியிலிருந்து நேர் வடக்காக வரைபடத்தில் ஒரு கோடு இழுத்தால் அது தலைநகரில் போய் முடியும். அந்தக் கோட்டின் நீளம் சுமார் 2,230 கி.மீ. மணிக்கு 800 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் பறக்கும் ஜெட் விமானம், ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்து, மூன்றேகால் மணி முதல் மூன்றரை மணி நேரத்துக்குள் இதைக் கடந்துவிடும்.

கணக்கு எளிமையானது. ஆனால், நாகர்கோவிலிலோ நெய்யாற்றின்கரையிலோ இருந்து புறப்படும் ஒருவர் தலைநகரில் தாம் நாடிவந்த அலுவலகத்தின் வாசலை அடைவதற்குள் எட்டு மணி நேரமோ, பத்து மணி நேரமோ, சில நாள்களில் அதற்கும் மேலோ ஆகிவிடுகிறது. வானில் செலவாகும் மூன்றரை மணி நேரம் போக மீதியெல்லாம் எங்கே போகிறது? கால அட்டவணையிலும், மாற்று விமானத்துக்கான காத்திருப்பிலும், கட்டணத்துக்கு அஞ்சித் தேர்ந்தெடுக்கும் சுற்றுவழியிலும் போகிறது. தூரத்தை மாற்ற எந்த அரசாலும் இயலாது. நேரத்தை மாற்ற இயலும். அந்தப் பொறுப்பைச் சந்தையிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதே கடந்த மூன்று பத்தாண்டுகளாக மத்திய அரசின் கொள்கையாக இருந்து வருகிறது.

பழைய நிலையம், புதிய கேள்வி

திருவனந்தபுரம் விமான நிலையம் நாட்டின் பழமையான விமான நிலையங்களுள் ஒன்று. திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சார்ந்த கோதவர்ம ராஜாவின் முயற்சியால் 1932-ல் தோன்றியது. 1935-ல் பம்பாயிலிருந்து டாடா நிறுவனத்தின் விமானம் அஞ்சல் சுமந்து இங்கு வந்திறங்கியது. 1991-ல் பன்னாட்டு விமான நிலையமாகத் தரம் உயர்த்தப்பட்டது. நான்கு பெருநகரங்களுக்கு வெளியே அந்தத் தகுதியைப் பெற்ற முதல் நிலையம் இதுவே. 2021 அக்டோபரில் 50 ஆண்டுக் குத்தகையில் இதன் நிர்வாகம் அதானி குழுமத்தின் வசம் சென்றது.

சுற்றியுள்ள ஊர்களின் தொலைவைப் பார்த்தால் இந்த நிலையத்தின் தனித்தன்மை விளங்கும். கொழும்பு விமான நிலையம் சுமார் 360 கி.மீ. தொலைவில் உள்ளது. மாலத்தீவின் மாலே சுமார் 600 கி.மீ. சென்னையும் அதே அளவு தொலைவுதான். துபாய் ஏறத்தாழ 2,950 கி.மீ. அதாவது, இரண்டு அண்டை நாடுகளின் தலைநகரங்கள் சொந்த நாட்டின் தலைநகரைவிட மிக அருகில் உள்ளன. தில்லிக்குச் செல்வதைவிட 700 கி.மீ. கூடுதலாகப் பறந்தால் வளைகுடாவையே அடைந்துவிடலாம். இந்தியாவின் எல்லைக்குள் தலைநகரிலிருந்து இவ்வளவு தொலைவில் உள்ள பெரிய விமான நிலையங்கள் மிகச் சிலவே.

தொடர்வண்டியை நம்பினால் நிலைமை வேறு. திருவனந்தபுரம் ராஜதானி விரைவு வண்டி கொங்கண் வழியாக தில்லியை அடைய 40 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. 3,000 கி.மீ.க்கு மேல் ஓடும் கேரளா எக்ஸ்பிரஸுக்கு ஏறத்தாழ 50 மணி நேரம் ஆகிறது. போகவர நான்கு நாள்கள் வண்டியிலேயே கழியும். அவசர வேலையாகத் தலைநகருக்கு வர வேண்டிய தென்கோடி மனிதருக்கு விமானம் என்பது ஆடம்பரம் அல்ல. அதைத் தவிர வேறு வழியில்லை.

நேரம் எப்படி நீள்கிறது

விமான நிறுவனங்கள் அட்டவணையில் குறிப்பிடும் பயண நேரம், வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. நிற்கும் இடத்திலிருந்து விமானத்தின் சக்கரம் நகரத் தொடங்கியது முதல், இறங்கிய நிலையத்தில் சக்கரம் நிற்கும் வரையிலான நேரம் அது. அதனை ‘பிளாக் டைம்’ என்பர். தில்லி போன்ற நெரிசல் மிக்க நிலையத்தில் ஓடுதளத்துக்காகக் காத்திருப்பதும், வானில் வட்டமிடுவதும், டிசம்பர், ஜனவரி மாதங்களின் மூடுபனியும் இந்தக் கணக்கில் ஏறுகின்றன. தாமதமாக வந்தது என்ற பெயரைத் தவிர்க்க நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூடுதலாகவே குறித்து வைப்பதும் உண்டு. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் இயங்கினால் அது ‘நேரம் தவறாத’ விமானமாகவே கணக்கிடப்படுகிறது.

இவையெல்லாம் நிமிடக் கணக்கு. மணிக் கணக்கில் நேரத்தை விழுங்குவது இடைநிறுத்தமே. திருவனந்தபுரத்திலிருந்து தில்லிக்கு நேரடி விமானங்கள் இல்லாமல் இல்லை. ஆனால், மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தலைநகருக்கு நாள் முழுவதும் விமானம் கிடைப்பதைப் போல இங்கிருந்து கிடைப்பதில்லை. நேரடி விமானத்தில் இடமில்லை என்றாலோ, கட்டணம் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டாலோ, பெங்களூரு, மும்பை, ஹைதராபாத், சென்னை ஆகிய ஏதேனும் ஒரு நகரில் இறங்கி மாறித்தான் செல்ல வேண்டும்.

இங்கே ஒரு விந்தை உள்ளது. திருவனந்தபுரத்திலிருந்து பெங்களூரு சுமார் 530 கி.மீ.; அங்கிருந்து தில்லி சுமார் 1,710 கி.மீ. இரண்டையும் கூட்டினால் நேர்வழியைவிட 10 கி.மீ. அளவே கூடுதல். பெங்களூரு ஏறத்தாழ அதே கோட்டில்தான் இருக்கிறது. மும்பை வழியாகச் சென்றாலும் கூடுதல் தூரம் 170 கி.மீ. அளவுதான், ஜெட் விமானத்துக்கு அது கால் மணி நேரம்கூட இல்லை. ஆனால், அந்த இடைநிறுத்தத்தால் பயணம் ஆறு மணி, எட்டு மணி என்று நீண்டுவிடுகிறது. மூன்றரை மணிப் பயணம் இரட்டிப்பாவதற்குத் தூரம் காரணமல்ல, அட்டவணைதான் காரணம்.

இதற்கு முன்னும் பின்னும் ஆகும் நேரத்தையும் சேர்க்க வேண்டும். புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக நிலையத்துக்கு வரச் சொல்கின்றனர். காலை 6 மணி விமானத்தைப் பிடிக்க நாகர்கோவிலைச் சேர்ந்தவர் நள்ளிரவு கடந்ததுமே புறப்பட்டாக வேண்டும். ஏறத்தாழ 70 கி.மீ. சாலையில் தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று நெரிசல் மிக்க ஊர்களைக் கடக்க வேண்டும். இந்தத் தடத்துக்கு மாற்றாக அறிவிக்கப்பட்ட காரோடு - வில்லுக்குறி நான்குவழிச் சாலைப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டதை அப்பகுதி மக்கள் அறிவர்.

இரு மாநிலங்களுக்கு நடுவே

1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் - கொச்சியின் பகுதி. அன்று அப்பகுதி மக்களுக்குத் திருவனந்தபுரம் தங்கள் தலைநகரின் விமான நிலையம். எல்லை மாறியது, பயண வழி மாறவில்லை. இன்றும் குமரி மாவட்டத்தாருக்கும் நெல்லை மாவட்டத்தின் தென்பகுதியினருக்கும் அருகில் உள்ள பன்னாட்டு விமான நிலையம் இதுதான். மதுரைக்குச் செல்ல வேண்டுமெனில் நாகர்கோவிலிலிருந்து 200 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். விண்வெளித் துறையை எடுத்துக்கொண்டாலும், தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் மையத்துக்கும் மகேந்திரகிரியில் உள்ள உந்துவிசை வளாகத்துக்கும் இடையே மாநில எல்லை குறுக்கிடுகிறது. ஆனால் வேலை ஒன்றே.

இதனால் ஏற்படும் விளைவு கவனிக்கத்தக்கது. திருவனந்தபுரத்துக்குக் கூடுதல் விமானம் வேண்டும் என்று கேரள அரசு கேட்கும்போது அது தன் மாநிலப் பயணிகளை முன்னிறுத்துகிறது. தமிழக அரசின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெறுவன மதுரையும் தூத்துக்குடியும். தூத்துக்குடியில் 2025 ஜூலை 26 அன்று புதிய முனையம் திறக்கப்பட்டதும், ஓடுதளம் நீட்டிக்கப்பட்டதும் வரவேற்கத்தக்கவையே. ஆனால், திருவனந்தபுரத்தை நம்பியிருக்கும் தமிழகப் பயணிகளுக்காகப் பேச இரு மாநில அரசுகளில் எதற்கும் இயல்பான அக்கறை இல்லை. எல்லை தாண்டிய இத்தகைய தேவைகளைக் கவனிக்கத்தான் மத்திய அரசு என்ற ஒன்று இருக்கிறது.

தலைநகருக்கு ஏன் வர வேண்டும் என்று கேட்கலாம். குடிமைப் பணித் தேர்வின் நேர்முகத் தேர்வு தில்லி ஷாஜகான் சாலையில் உள்ள மத்திய தேர்வாணையத்தில்தான் நடக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் இருக்கை தில்லியில்தான். நாட்டின் நான்கு பகுதிகளிலும் உச்ச நீதிமன்ற அமர்வுகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2009-ல் அளித்த 229-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. காணொலி விசாரணை ஓரளவு சுமையைக் குறைத்துள்ளது என்பது உண்மையே. எனினும், அமைச்சகங்களில் கோப்பைத் தேடி அலையும் உள்ளாட்சி அலுவலரும், மீனவர் கோரிக்கையை அளிக்க வரும் குழுவினரும், தூதரகத்தின் அழைப்புக்கு வரும் மாணவரும் நேரில் வந்துதான் ஆக வேண்டியுள்ளது. அதிகாரத்தைத் தலைநகரில் குவித்து வைத்துள்ள ஓர் அரசுக்கு, அங்கு வந்து சேரும் வழியைத் திறந்து வைக்கும் கடமையும் உண்டு.

சட்டமும் சந்தையும்

1953-ம் ஆண்டின் விமானக் கழகங்கள் சட்டம் 1994-ல் நீக்கப்பட்டதோடு, கட்டணத்தை அரசு நிர்ணயிக்கும் முறை முடிவுக்கு வந்தது. நியாயமான கட்டணத்தை நிறுவனங்களே வகுத்துக்கொள்ளலாம் என்றானது. அதே ஆண்டில் அரசு வேறொன்றையும் செய்தது. லாபம் தரும் பெருநகரத் தடங்களில் பறக்கும் நிறுவனங்கள், அந்தக் கொள்ளளவில் 10 சதவீதத்தை வடகிழக்கு மாநிலங்கள், ஜம்மு - காஷ்மீர், அந்தமான் நிகோபார், லட்சத்தீவு ஆகியவற்றை இணைக்கும் தடங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. வழித்தடப் பகிர்வு நெறிமுறை எனப்படும் இது, சந்தை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்க இயலாது என்பதை அரசே ஒப்புக்கொண்டதன் சான்று.

2017-ல் பறக்கத் தொடங்கிய ‘உடான்’ திட்டமும் அத்தகையதே. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பறப்புக்கு ரூ. 2,500 என்ற உச்சவரம்புடன் சிறு நகரங்களை இணைக்க அது முயன்றது. ஆனால் அதன் நோக்கம் குறுந்தடங்கள். நாட்டின் ஒரு முனையிலிருந்து தலைநகருக்கு வரும் நெடுந்தடங்கள் அதன் வரையறைக்குள் வரவில்லை. ஆக, தொலைதூர எல்லைப் பகுதிக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. சிறு நகரத்துக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. தென்கோடி மாநிலத் தலைநகருக்கு இரண்டும் இல்லை.

நெருக்கடி வந்தபோதெல்லாம் அரசு தலையிட்டது என்பதையும் மறந்துவிட இயலாது. கரோனா ஊரடங்குக்குப் பின் 2020 மே 25 அன்று உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறந்தபோது, பயண நேரத்தை அடிப்படையாகக் கொண்டு தடங்கள் ஏழு பிரிவுகளாக்கப்பட்டன. 180 முதல் 210 நிமிடம் வரையிலான கடைசிப் பிரிவில் தில்லி - திருவனந்தபுரம் இடம்பெற்றது. அதற்கு ரூ. 6,500 குறைந்தபட்சம், ரூ. 18,600 அதிகபட்சம் என விதிக்கப்பட்டது. இந்தக் கட்டுப்பாடு 2022 ஆகஸ்ட் 31 அன்று விலக்கிக்கொள்ளப்பட்டது. அடுத்து, 2025 டிசம்பரில் விமானிகளின் பணிநேர விதிகளை ஒட்டி இண்டிகோ நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, மற்ற நிறுவனங்களின் கட்டணம் விண்ணைத் தொட்டபோது, அரசு மீண்டும் உச்சவரம்பு விதித்தது. இம்முறை அளவுகோல் தூரம். 500 கி.மீ. வரை ரூ. 7,500, 1,000 வரை ரூ. 12,000, 1,500 வரை ரூ. 15,000, அதற்கு மேல் ரூ. 18,000.

ஆக, நேரத்தைக் கொண்டு அளக்கவும் அரசுக்குத் தெரியும். தூரத்தைக் கொண்டு அளக்கவும் தெரியும். இரண்டு முறையும் ஒரு சில நாள்களிலேயே ஆணை பிறப்பிக்க முடிந்தது. நெருக்கடியில் செய்ய முடிந்ததை, ஓணம், கிறிஸ்துமஸ், பொங்கல், கோடை விடுமுறை என்று ஆண்டுதோறும் தவறாமல் வரும் நெருக்கடிகளுக்கு ஏன் முன்கூட்டியே செய்ய முடியவில்லை என்பதே கேள்வி.

பயணிக்கு உள்ள உரிமைகளிலும் தூரம் அவருக்கு எதிராகவே நிற்கிறது. தாமதமானால் உணவும் சிற்றுண்டியும் வழங்க வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வகுத்த விதி. இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே அந்த உரிமை வந்துவிடுகிறது. அதற்கு மேல் ஐந்து மணி வரையிலான பயணம் என்றால் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதிக நேரம் பயணம் செய்பவர் அதிக நேரம் பசித்திருக்கலாம் என்பது என்ன நியாயம்?

நாடாளுமன்றத்தில்

கட்டண உயர்வு குறித்துக் கேரள உறுப்பினர்கள் எழுப்பாத கூட்டத்தொடர் அரிது. 2024 ஜூலையில் வடகரை உறுப்பினர் ஷாஃபி பரம்பில் கொண்டுவந்த தனிநபர் தீர்மானத்தின் மீது மக்களவையில் விவாதம் நடந்தது. அதற்கு முன், 2024 பிப்ரவரியில் போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுத் துறைகளுக்கான நிலைக்குழு, வழித்தடம் வாரியான கட்டண உச்சவரம்பையும் கட்டணங்களைக் கட்டுப்படுத்தத் தனி அமைப்பையும் பரிசீலிக்குமாறு பரிந்துரைத்தது. அதன்பின், 1934-ம் ஆண்டின் விமானச் சட்டத்துக்கு மாற்றாக பாரதிய வாயுயான் அதினியம் 2024 நிறைவேறி, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொண்ணூறு ஆண்டுச் சட்டத்தை மாற்றி எழுதக் கிடைத்த அந்த வாய்ப்பும் பயணிகளின் இந்தக் குறையைத் தீர்க்காமலே கடந்துவிட்டது.

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 34 விமானப் பயணங்கள் அனுமதிக்கப்படுகின்றன. தில்லிக்கு அருகில் உள்ள தொகுதியின் உறுப்பினருக்கும், கன்னியாகுமரி, திருவனந்தபுரம் உறுப்பினர்களுக்கும் எண்ணிக்கை ஒன்றே. தொகுதி எவ்வளவு தொலைவில் இருந்தாலும் மக்கள் பிரதிநிதி தலைநகருக்கு வருவதற்குத் தூரம் தடையாகக் கூடாது என்ற உயரிய கொள்கை அதில் உள்ளது. அதைக் குறை கூறுவதற்கில்லை. பிரதிநிதிக்குப் பொருந்தும் அந்தக் கொள்கை, அவரைத் தேர்ந்தெடுத்தவருக்கு ஏன் பொருந்தக் கூடாது?

வெளிநாடுகளில் இது புதிதன்று. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள ரீகன் விமான நிலையத்திலிருந்து 1,250 மைல், அதாவது சுமார் 2,000 கி.மீ.க்கு அப்பால் நேரடி விமானம் செல்லக் கூடாது என்ற விதி உண்டு. தொலைவில் உள்ள மேற்கு மாநிலங்களின் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் போராடி, சட்டத்தின் மூலமே விலக்குகளைப் பெற்றுள்ளனர். 2024-ல் இயற்றப்பட்ட சட்டமும் மேலும் ஐந்து சுற்றுப் பயணங்களை அனுமதித்தது. தலைநகருக்கு யாருக்கு நேரடி விமானம் என்பது அங்கு அரசியல் கேள்வியாகவே கருதப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, ஒரு பகுதியின் வளர்ச்சிக்கு இன்றியமையாத தடத்தில் குறைந்தபட்ச விமான எண்ணிக்கையையும் கட்டண வரம்பையும் பொதுச்சேவைக் கடமையாக அரசு விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

நிறுவனங்களின் வாதம்

விமான நிறுவனங்கள் சொல்லும் காரணங்களிலும் உண்மை இல்லாமல் இல்லை. எரிபொருள் செலவு பெரும் சுமை. கிங்ஃபிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019-லும், கோ ஃபர்ஸ்ட் 2023-லும் தரையிறங்கிவிட்டன. மூன்றரை மணி நேரத் தடத்தில் ஒரு விமானத்தை ஈடுபடுத்தினால், அதே நேரத்தில் குறுந்தடங்களில் அது செய்திருக்கக்கூடிய பயணங்களை இழக்க நேரிடும். காலியாகப் பறக்குமாறு யாரையும் கட்டாயப்படுத்த இயலாது.

ஆனால், போட்டி குறைந்துபோன நிலையில் சந்தையே எல்லாவற்றையும் சரிசெய்யும் என்ற வாதமும் செல்லாது. உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோரை ஒரே நிறுவனம் சுமந்தபோது என்ன நடந்தது என்பதை 2025 டிசம்பர் காட்டிவிட்டது. ஒரு நிறுவனம் தடுமாறினால் நாடே தடுமாறும்போது, கோட்டின் கடைசி முனையில் இருப்பவர்தான் முதலில் கைவிடப்படுகிறார். பெங்களூரில் தவிப்பவருக்கு அடுத்த விமானம் உண்டு. திருவனந்தபுரத்தில் தவிப்பவருக்கு அடுத்த நாள்தான் உண்டு.

செய்ய வேண்டுவன பெரியவை அல்ல. முதலாவதாக, தில்லியிலிருந்து 1,500 கி.மீ.க்கு அப்பால் உள்ள ஒவ்வொரு மாநிலத் தலைநகருக்கும் அதிகாலையில் ஒன்று, இரவில் ஒன்று என நேரடி விமான இணை இருப்பதை வழித்தடப் பகிர்வு நெறிமுறையில் ஒரு பிரிவாகச் சேர்க்க வேண்டும். காலை 6 மணிக்குத் திருவனந்தபுரத்தில் ஏறினால் 9.30 மணிக்குள் தில்லி. வேலையை முடித்து இரவு 8 மணிக்கு ஏறினால் நள்ளிரவுக்குள் ஊர். தூரம் இதற்கு இடம் தருகிறது. அட்டவணையும் இடம் தர வேண்டும்.

இரண்டாவதாக, தூர அடிப்படையிலான கட்டண உச்சவரம்பை நெருக்கடிக்கால ஆணையாக அன்றி, நிலைக்குழு கூறியவாறு நிலையான ஏற்பாடாக ஆக்க வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு தடத்திலும் உண்மையில் ஆன பயண நேரத்தையும், வசூலிக்கப்பட்ட உயர்ந்த, தாழ்ந்த கட்டணங்களையும் இயக்குநரகம் மாதந்தோறும் வெளியிட வேண்டும். நான்காவதாக, திருவனந்தபுரம் நிலையத்தின் தேவைகளை ஆராயும் ஆலோசனைகளில் தமிழகத்தின் தென்மாவட்டங்களுக்கும் இடமளிக்க வேண்டும்.

ஒரு நாட்டின் ஒற்றுமையைப் பற்றி மேடைகளில் பேசும்போது, காஷ்மீர் முதல் குமரி வரை என்று சொல்லாத தலைவர் இல்லை. அந்தச் சொற்றொடரின் பிற்பகுதியில் வாழும் மக்களுக்குத் தலைநகரம் மூன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறதா, முழு நாள் தொலைவில் இருக்கிறதா என்பதை முடிவு செய்ய வேண்டியது வரைபடம் அல்ல. விமானப் போக்குவரத்து அமைச்சகம்தான்.